கொடுமுடி சுந்தராம்பா பத்தி புள்ளைக்கு சொல்லித் தரணும், தெரிஞ்சவங்க கொஞ்சம் வாங்க

ஊஞ்சலூர்க்காரி:
எல்லாருக்கும் வணக்கமுங்க. இங்க படிச்சிட்டு மட்டும் போவேன், எழுதறது இதுதான் மொத தடவை. நாங்க திருப்பூர்ல இருக்கறோம், பொறந்த ஊரு ஊஞ்சலூர். சின்னவ ஏழாவது படிக்கிறா, ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு ‘பழம் நீயப்பா’ பாடறேன்னு பேர் குடுத்துட்டு வந்துட்டா. மிஸ்ஸு என்ன சொல்லிட்டாங்கன்னா, பாடறதுக்கு முன்னாடி அந்தப் பாட்டைப் பாடுனவங்க யாருன்னு மூணு நிமிஷம் பேசணும்னுட்டாங்க. எனக்குத் தெரிஞ்சது வெள்ளைச் சீலை, நெத்தி நெறைய திருநீறு, கையில கோலு, அவ்ளோதானுங்க. என்ற அமுச்சிய, அதாவது பாட்டிய கேட்டேன், 86 வயசு, “அது நம்ம கொடுமுடிப் புள்ள கண்ணு, ரயில்ல பாடிட்டுத் திரிஞ்சுது, அப்பறம் லச்ச ரூவா வாங்குச்சு”ன்னு சொல்லிட்டு வெத்தலை போடப் போயிட்டாங்க. ரயிலுக்கும் லச்ச ரூவாய்க்கும் நடுவால என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க. நெட்டுல பாத்தா எங்க தொட்டாலும் அவங்க வீட்டுக்காரர் கிட்டப்பா காதல் கதையாவே வருது, அத ஏழாவது படிக்கிற புள்ள மேடைல எப்படிங்க பேசுவா.

நொய்யல்காரன்:
நல்ல கேள்வி கேட்டீங்க அக்கா. எனக்குத் தெரிஞ்சத சொல்றேன். கே.பி.ன்னா கொடுமுடி பாலாம்பாள், அம்மா பேரு அது. சுந்தராம்பாள் பொறந்தது 1908. வீட்ல வறுமைன்னா சாதாரண வறுமை இல்லைங்க, அம்மா கூலி வேலைக்குப் போயி மூணு புள்ளைகள காப்பாத்துனாங்க, கரூர்லயும் கொஞ்ச காலம் இருந்தாங்க. இந்தப் புள்ளைக்கு தொண்டை ஒண்ணுதான் சொத்து. ஈரோடு கரூர் லைன்ல இன்னைக்கும் பாசூர், ஊஞ்சலூர், கொடுமுடி, புகளூர்னு பாசஞ்சர் நின்னு நின்னு போவுது பாருங்க, அந்த மாதிரி வண்டில பாடி காசு வாங்குன புள்ளைன்னுதான் எங்க வீட்லயும் சொல்லுவாங்க. அப்பறம் வேலு நாயர் நாடகக் கம்பெனில சேர்ந்தாங்க. நல்லதங்காள் நாடகத்துல அந்த ஏழு புள்ளைகள்ல ஒண்ணு, பசியில அழுவுற வேஷம். பசின்னா என்னன்னு தெரிஞ்ச புள்ளைக்கு அந்த வேஷம். அங்கதான் ஆரம்பம்.

அதுக்கப்பறம் சின்ன வயசுலயே இலங்கைக்குப் போயி கொழும்புல நாடகம். 1926ல மறுபடி அங்க போனப்பதான் செங்கோட்டை கிட்டப்பா கூட ஜோடியா நடிக்க ஆரம்பிச்சாங்க. 1927ல கல்யாணம். 1933 டிசம்பர்ல அவரு போயிட்டாரு, 27 வயசு அவருக்கு. இந்தம்மாவுக்கு 25. அன்னிக்கு கட்டுன வெள்ளைச் சீலைதான் நாம எல்லாப் படத்துலயும் பாக்கறது. இனிமே ஆம்பளைங்களோட ஜோடி சேந்து நடிக்கறதில்லைன்னு முடிவு பண்ணி கொடுமுடியில உக்காந்துட்டாங்க.

லச்ச ரூவா கதை 1935ல. ‘பக்த நந்தனார்’ படம், நந்தனார் வேஷத்துக்கு இவங்கள கேட்டு அசன்தாஸ்னு ஒரு தயாரிப்பாளர் வந்தாரு. நடிக்க மாட்டேன்னு சொன்னாலும் விடல. சரி, ஒரு லச்சம்னு சொன்னா ஓடிருவாங்கன்னு சொன்னாங்களாம், அவரு சரின்னுட்டாரு. அந்தக் காலத்துல இந்தியாவுலயே ஒருத்தருக்கும் அவ்ளோ சம்பளம் இல்ல. இத உங்க பொண்ணு தாராளமா மேடைல சொல்லலாம்.

காங்கயம்காளை:
நல்ல தகவல் நொய்யல் தம்பி. ஆனா ஒண்ணு, போன வருசம் ஒரு டிவி நிகழ்ச்சில இவங்கள “நாட்டுப்புறப் பாடகி, நடிகை”ன்னு போட்டாங்க. எனக்கு அதுல சம்மதம் இல்லைங்க. நாட்டுப்புறப் பாட்டு பாடி சினிமாவுக்கு வந்தவங்கன்னா கொல்லங்குடி கருப்பாயி அம்மா, வானொலில பாடிட்டு இருந்தவங்கள 1985ல ‘ஆண்பாவம்’ படத்துல பாட்டி வேஷம் போட வெச்சாங்க. பரவை முனியம்மா, 2003ல ‘தூள்’. அவங்கெல்லாம் நடவு வயல்லயும் கோயில் வாசல்லயும் பாடுனத அப்படியே கொண்டாந்தாங்க. சுந்தராம்பாள் அம்மா பாடுனது நாடக சங்கீதம், ராகம் தாளம் எல்லாம் கணக்கா இருக்கும். ரெண்டையும் ஒண்ணாப் போட்டு கொழப்பக் கூடாது, ரெண்டு பேருக்கும் அது மரியாதை இல்ல. கொங்கு நாட்டு நாட்டுப்புறப் பாட்டுன்னா உடுக்கையடிச்சு பாடற அண்ணமார் கதை இருக்குது, கும்மி இருக்குது, ஒயில் இருக்குது, எழவு வீட்டு ஒப்பாரி இருக்குது. அதப் பாடுன பொம்பளைங்க ஒருத்தர் பேராவது நமக்குத் தெரியுமா? அந்த வெசனத்துல சொல்றேன்.

பெட்டிக்காரர்மகன்:
காங்கயத்தண்ணா சொல்றது பாதி சரி, பாதி சரியில்லைங்க. எங்கய்யன் கரூர் பக்கம் நாடக செட்டுல ஆர்மோனியம் வாசிச்சாரு, கால்ல துருத்தி மிதிச்சு வாசிக்கற கால் பெட்டி. அத வீட்ல இன்னும் வெச்சிருக்கறேன், துருத்தி கிழிஞ்சு போச்சு ஆனா கட்டை எல்லாம் நல்லா இருக்குது, நடுவால ரெண்டு கட்டை மட்டும் வெரல் பட்டுப் பட்டு குழியா தேஞ்சிருக்கும். எந்தக் கட்டைன்னு தெரியுங்களா, அஞ்சு கட்டை சுருதில பாடறவங்களுக்கு ஆதாரமா நிக்கற கட்டை. செட்டுல எல்லாரும் அங்கதான் பாடுவாங்க, கீழ பாடுனா அய்யன் மொறைப்பாரு.

ஏன் அவ்ளோ மேல பாடணும்னா, மைக் கெடையாதுங்க. பெட்ரோமாக்ஸ் வெளிச்சம், முன்னாடி ஆயிரம் பேரு, கடைசி ஆளு பாய விரிச்சு மரத்தடியில படுத்திருப்பான், அவனுக்கு வார்த்தை கேக்கணும். ராகம் கேட்டாப் போதாது, வார்த்தை கேக்கணும். அதனால மேல் சுருதி, எழுத்த அடிச்சு உச்சரிக்கறது, வரி முடியற எடத்துல தலைய தூக்கி சத்தத்த கூட்டத்துக்கு மேல வீசறது. சுந்தராம்பாள் பாட்டுல ழ, ற, ண எல்லாம் கல்லுல வெட்டுன மாதிரி விழுதே, அது அவங்களா பழகுனது கெடையாது, அந்த மேடை பழக்குனது. கிட்டப்பா சுருதி அதைவிட மேல, அவருக்கு எதிர்ல நின்னு வள்ளியா பாடி தாக்குப் பிடிக்கணும்னா தொண்டை எப்படி இருந்திருக்கணும் பாருங்க.

இன்னொண்ணு, கர்நாடக சங்கீதம்னு ஒரு பக்கமும் கிராமியம்னு ஒரு பக்கமும் கோடு போட்டுப் பிரிக்கறது கச்சேரிக்காரங்க வேலை. சங்கரதாஸ் சுவாமிகள் 1922ல காலமாயிட்டாரு, அவரு எழுதுன நாடகப் பாட்டுல கும்மி மெட்டு, காவடிச்சிந்து, நொண்டிச்சிந்து, லாவணி, விருத்தம், கீர்த்தனை எல்லாமே இருக்குது. ஒரே ராத்திரில இத்தனையும் பாடணும். ஸ்பெஷல் நாடகம்னா ஒத்திகை கெடையாது, ராஜா வேஷம் போடற ராஜபார்ட் ஒரு ஊரு, பொம்பளை வேஷம் போடற ஸ்திரீபார்ட் ஒரு ஊரு, பெட்டிக்காரர் ஒரு ஊரு, ராத்திரி பத்து மணிக்கு மேடைல பாத்துக்குவாங்க. எதிராளி என்ன பாடுனாலும் அதுக்கு பதில் பாட்டு வாயில இருக்கணும். அத கிராமியம் இல்லைன்னு சொன்னா பின்ன எதுதான் கிராமியம்.

காங்கயம்காளை:
கும்மி மெட்டு இருந்துச்சுங்கறத ஒத்துக்கறேன் தம்பி. ஆனா மெட்ட எடுத்துட்டுப் போறது வேற, அந்த மெட்டுக்குச் சொந்தக்காரங்க வேற. கும்மி பாடுன பொம்பளைக்கு சம்பளமும் இல்ல பேரும் இல்ல. நான் சொல்ல வந்தது அதான்.

தாராபுரத்துடீச்சர்:
ஊஞ்சலூர் அக்காவுக்கு ஒரு வேண்டுகோள். பொண்ணு பேசறப்ப தயவுசெஞ்சு “கணவனை இழந்த சோகத்துல வாழ்ந்தவர்”னு ஆரம்பிக்க வேண்டாம். நான் 22 வருசமா பசங்களுக்கு தமிழ் நடத்தறேன், ஒவ்வொரு பேச்சுப் போட்டிலயும் இந்தம்மாவ இதே மாதிரிதான் அறிமுகப்படுத்தறாங்க, கேட்டு கேட்டு மனசு வலிக்குது. கிட்டப்பாவோட வாழ்ந்தது ஆறு வருசம், அதுலயும் பிரிஞ்சிருந்த காலம் அதிகம், அவருக்கு முன்னாடியே கல்யாணம் ஆகியிருந்துச்சு, குடிப்பழக்கம் வேற, பொறந்த குழந்தையும் தங்கல. இதெல்லாம் உண்மைதான், அவங்க எழுதுன கடுதாசிகள்ல கோவமும் பாசமும் ரெண்டும் இருக்குது, அதப் படிச்சா அழுகை வரும். ஆனா 1908ல பொறந்து 1980ல போன ஒரு மனுசிக்கு ஆறு வருசம்தானா வாழ்க்கை?

மேடைல இவங்க நிறைய போட்டது ஆம்பளை வேஷம், ராஜபார்ட். பாத்தீங்களா, இத யாரும் சொல்றதில்ல. ஒரு பொண்ணு கிரீடம் வெச்சு, மீசை வரைஞ்சு, ராஜாவா நின்னு ஊரையே வசப்படுத்தியிருக்குது. 1935ல சினிமாவுக்கு வந்தப்பவும் நந்தனார், ஆம்பளை வேஷம்தான், பண்ணையில வேலை செய்யற ஒடுக்கப்பட்ட ஆளு. எதிர்ல வேதியரா நடிச்சது மகாராஜபுரம் விசுவநாத ஐயர், அன்னிக்கு கச்சேரி மேடைல கொடிகட்டிப் பறந்த வித்துவான். அவருக்கு எதிர்ல கொடுமுடில இருந்து போன, எந்த சபாவும் பட்டம் குடுக்காத 27 வயசுப் பொண்ணு நந்தனாரா நின்னு பாடுது. உங்க பொண்ணு அத சொல்லட்டும் அக்கா. பெண் புள்ளைகளுக்கு முன்னாடி சொல்ற மாதிரி கதை அதுதான்.

அப்பறம் சுதந்திரப் போராட்டம். சத்தியமூர்த்தி கூட மேடைக்கு மேடை போயி காங்கிரசுக்காகப் பாடுனாங்க. பேசறதுக்கு முன்னாடி இவங்க பாடுனாதான் கூட்டம் சேரும், அப்படி ஒரு காலம். 1951ல சென்னை மாகாண சட்ட மேலவைக்கு உறுப்பினரா போனாங்க. சினிமாவுல இருந்து சட்டமன்ற அவைக்குள்ள காலெடுத்து வெச்ச மொத ஆள் இவங்க. தமிழ்நாட்டு அரசியல்ல சினிமா என்னவெல்லாம் பண்ணுச்சுன்னு எல்லாரும் பேசறோம், மொத அடி எடுத்து வெச்சது கொடுமுடிக்காரி.

நொய்யல்காரன்:
டீச்சர் சொன்னது சரிங்க, நான் எழுதுனதும் அந்த 25 வயசு எடத்துலயே நின்னுட்டேன், இப்ப படிச்சா தெரியுது. காந்தி கதை விட்டுப் போச்சு. காந்தி கொடுமுடிக்கு இவங்க வீட்டுக்கு வந்தப்ப தங்கத் தட்டுல சாப்பாடு போட்டாங்களாம், சாப்ட்டு முடிச்சிட்டு “சாப்பாடு மட்டுந்தானா, தட்டு இல்லையா”ன்னு கேட்டாராம், தட்டையும் குடுத்துட்டாங்க, அத ஏலம் விட்டு கட்சி நிதிக்குச் சேத்தாங்கன்னு எங்க ஊர்ப்பக்கம் பெரியவங்க எல்லாரும் சொல்லுவாங்க. ரயில்ல காசு வாங்குன கை தங்கத் தட்ட தூக்கிக் குடுத்துச்சுன்னு என்ற அப்பாரு சொல்லும்போது குரல் மாறிடும் அவருக்கு.

ஊஞ்சலூர்க்காரி:
அய்யோ இவ்ளோ விசயமா. பொழுதோட உக்காந்து எல்லாத்தையும் அமுச்சிக்கு படிச்சுக் காட்டுனேன். ராஜபார்ட்னு சொன்னதும் எந்திரிச்சு உக்காந்துட்டாங்க. “ஆமாங் கண்ணு, எங்கம்மா சொல்லும், மீசை வெச்சுட்டு வந்தா ஆம்பளைங்களே வெக்கப்படுவாங்கன்னு”ன்னாங்க. அமுச்சி பாத்தது ‘ஔவையார்’ படம், டூரிங் கொட்டாய்ல, மண்ணக் குமிச்சு வெச்சு அது மேல உக்காந்து பாத்தாங்களாம். பாட்டு வந்தப்ப பக்கத்துல இருந்த கெழவி ஒருத்தி கையெடுத்துக் கும்பிட்டுட்டே இருந்துச்சுன்னு சொல்றாங்க.

ஒரு சந்தேகம், ‘பழம் நீயப்பா’ அந்தப் படத்துலயா வருது? வீட்ல ரெண்டு கருத்து.

கோவைரசிகன்:
இல்லைங்க அக்கா. ‘ஔவையார்’ 1953, ஜெமினி வாசன் எடுத்தது, கொத்தமங்கலம் சுப்பு டைரக்சன். ‘பழம் நீயப்பா’ வர்றது 1965ல வந்த ‘திருவிளையாடல்’. அதுலயும் ஔவையார் வேஷம்தான், அதனால எல்லாரும் கொழம்பிக்கறாங்க. இசை கே.வி.மகாதேவன். டைரக்டர் ஏ.பி.நாகராஜன், அவரும் நம்ம பக்கம்தான், சங்ககிரி கிட்ட அக்கம்மாபேட்டை, அவரும் சின்ன வயசுல நாடகக் கம்பெனில ஸ்திரீபார்ட் போட்டு வளந்தவரு. அதனாலதான் இவங்கள எப்படி நிக்க வெக்கணும், எங்க கேமராவ கொஞ்ச நேரம் அசையாம வெக்கணும்னு அவருக்குத் தெரிஞ்சிருக்குது. ஆம்பளை வேஷம் போட்ட கொடுமுடிப் பொண்ணும் பொம்பளை வேஷம் போட்ட சங்ககிரிப் பையனும் சேந்து பண்ணுன பாட்டு அது, எனக்கு நெனைக்கறப்பவே சிலிர்க்குது.

நடுவுல 1964ல ‘பூம்புகார்’, கவுந்தியடிகள் வேஷம், கலைஞர் வசனம். சமணத் துறவி வேஷம் போடணுமான்னு மொதல்ல தயங்குனாங்கன்னு சொல்லுவாங்க, அவ்ளோ முருக பக்தி. ஆனா கடைசில அந்தப் படத்துல பாடுன ‘வாழ்க்கை எனும் ஓடம்’ இன்னைக்கும் எழவு வீட்டுல போடாத ஊரு உண்டா? 1967ல ‘கந்தன் கருணை’. 1969ல ‘துணைவன்’, சாண்டோ சின்னப்பா தேவர் எடுத்தது, எங்க கோயமுத்தூர் ராமநாதபுரத்து ஆளு, மருதமலைக்கு அவரு செஞ்ச திருப்பணி எல்லாருக்கும் தெரியும். அந்தப் படத்துல குட்டி முருகனா வர்றது யாருன்னா ஸ்ரீதேவி. அதுல பாடுனதுக்குத்தான் இந்தம்மாவுக்கு சிறந்த பின்னணிப் பாடகி தேசிய விருது. பாடகிக்குன்னு அந்த விருத மொத வாங்குனது 1968க்கு பி.சுசீலா அம்மா, ரெண்டாவது இவங்க. 61 வயசுல வாங்கறாங்க! 1970ல பத்மஸ்ரீ. ஊருல கே.பி.எஸ். தியேட்டர்னு கட்டுனதும் அந்தக் காலத்துலதான்.

பெட்டிக்காரர்மகன்:
ரசிகன் அண்ணா, இந்த 61 வயசுங்கறத இன்னும் அழுத்திச் சொல்லணும். பொம்பளை தொண்டை அம்பதுக்கு மேல எறங்கும், இயற்கை. இவங்க எறங்காம இல்ல, எறங்குனத எப்படி வெச்சு பாடணும்னு தெரிஞ்சு பாடுனாங்க. ‘பழம் நீயப்பா’வ ராத்திரி அமைதியா ஹெட்போன்ல கேளுங்க. மேல போற வரிக்கு முன்னாடி ஒரு சின்ன நிறுத்தம் இருக்கும், மூச்ச இழுக்கறது லேசா கேக்கும், அப்பறம் வார்த்தையோட மொத எழுத்துலயே நேரா உச்சிய பிடிப்பாங்க. ஏணில ஏறி ஏறிப் போறதில்ல, கல்லெறிஞ்ச மாதிரி ஒரே வீச்சு. எங்கய்யன் அத “எட்டிப் பிடிக்கறது”ன்னு சொல்லுவாரு. நாடக மேடைல கூட்டம் சலசலன்னு பேசிட்டு இருக்கறப்ப ராஜபார்ட் உள்ளுக்குள்ள இருந்தே மேல் சுருதில, பாட்டுக்கு முன்னாடி பாடற தொகையறா ஒண்ணு எடுப்பாரு, ஆளு இன்னும் திரைக்கு வெளில வந்திருக்க மாட்டாரு, அதுக்குள்ள கூட்டம் கப்சிப். அந்தப் பழக்கந்தான் சினிமாப் பாட்டுலயும் இருக்குது.

அதனால ஊஞ்சலூர் அக்கா, பொண்ணுக்கு சுருதிய எறக்கிக் குடுங்க, அவங்க சுருதில பாடச் சொல்லி தொண்டைய கெடுத்துராதீங்க. ஏழாவது படிக்கிற புள்ளைக்கு கத்திப் பாட வெச்சா நாலு நாள் பேச்சே வராது. நடை மாறுற எடத்துல தாளம் கையில விடாம இருக்குதான்னு மட்டும் பாருங்க, அங்கதான் எல்லாரும் வழுக்குவாங்க. வார்த்தைய தெளிவா சொல்லச் சொல்லுங்க, அது வந்தாப் போதும்.

தாராபுரத்துடீச்சர்:
இன்னொரு விசயம் பொண்ணு சொல்லலாம். இந்தப் பாட்டு எதப் பத்தி? பழம் கெடைக்கலைன்னு கோவிச்சுட்டு பழனிக்குப் போன முருகன ஔவை சமாதானப்படுத்தறா. பங்குனி உத்திரத்துக்கு கொடுமுடி காவிரில தீர்த்தம் எடுத்துட்டு பழனிக்குப் போற காவடி நம்ம எல்லாருக்கும் தெரியும், நல்ல வெயில் காலம், முத்தூர் வெள்ளகோவில் பக்கமெல்லாம் ரோட்டோரமா மோர்ப்பந்தல் போட்டிருப்பாங்க, தார் ரோட்டுல வெறுங்கால்ல பாட்டுப் பாடிட்டே போவாங்க. மகுடேசுவரர் கோயில் வன்னி மரத்தடியும், அந்தக் காவடிக் கூட்டமும், சுந்தரர் நமச்சிவாயப் பதிகம் பாடுன எடமும் தான் இந்தம்மா சின்ன வயசுல ஓடியாடுன எடம். பள்ளிக்கூடத்துல படிச்ச பாட்டு கெடையாது இது. வருசா வருசம் படித்துறையில காதுல விழுந்த கதைய 57 வயசுல கேமரா முன்னாடி நின்னு முருகனுக்குச் சொல்றாங்க. அந்த மொகத்துல நடிப்பே தெரியாததுக்கு வேற காரணம் எனக்குத் தோணல.

காங்கயம்காளை:
டீச்சர் எழுதுனதப் படிச்சிட்டு சித்த நேரம் சும்மா உக்காந்திருந்தேன். காவடிப் பாட்டுன்னா அது சனங்க பாட்டு, அந்த வேர் இவங்களுக்கு இருக்குதுங்கறத நான் ஒத்துக்கறேன். பெட்டிக்காரர் தம்பிகிட்டயும் வாதாட இனி ஒண்ணும் இல்ல. ஆனா என்ற பழைய வருத்தம் மாறல, அதையும் சொல்லிடறேன்.

பக்கத்துல அட்டப்பாடி, ஆனைகட்டி தாண்டுனா வந்துருது. அங்க இருளர் இனத்து நஞ்சியம்மா, ஆடு மாடு மேச்சுட்டு இருந்தவங்க, 2020ல ‘அய்யப்பனும் கோஷியும்’ மலையாளப் படத்துல அவங்க மொழிலயே பாடுனாங்க, ஒரு சின்ன வேஷமும் பண்ணுனாங்க. 2022ல தேசிய விருது அறிவிச்சாங்க. சங்கீதம் முறையா படிக்காதவங்களுக்கு எதுக்கு விருதுன்னு அப்ப சில பேரு பேசுனாங்க, ஞாபகம் இருக்குதுங்களா? எனக்கு அப்ப அவ்ளோ கோவம். 1969க்கு கொடுமுடி அம்மா வாங்குன அதே விருது அது. ரெண்டு பேரும் வறுமையில வளந்தவங்க, ரெண்டு பேரும் அறுபது வயசுக்குப் பக்கத்துல வாங்குனவங்க. இப்ப யோசிச்சுப் பாத்தா மொத பதிவுல நான் போட்ட கோடும் அந்த மாதிரிதான் ஆகிப் போச்சோன்னு இருக்குது.

கும்மி விசயத்துலயும் 2024ல பத்திரப்பன் ஐயாவுக்கு பத்மஸ்ரீ குடுத்தாங்க, கோயமுத்தூர் மாவட்டம், வள்ளி ஒயில் கும்மி வாத்தியார், ஆம்பளைங்க மட்டும் ஆடிட்டு இருந்த அந்த ஒயில் கும்மிக்குள்ள பொம்பளைங்கள கூட்டியாந்து பழக்குனவரு. இப்ப எந்த ஊரு நோம்பிக்குப் போனாலும் ஒரே கலர் சீலை கட்டி நூறு எரநூறு பொண்ணுங்க வள்ளி கும்மி ஆடறாங்க, பாக்கவே அப்படி இருக்குது. வள்ளி முருகன் கதைதான் அதுவும். கிட்டப்பாவுக்கு எதிர்ல சுந்தராம்பாள் பாடுன அதே வள்ளி.

ஊஞ்சலூர்க்காரி:
விழா முடிஞ்சுதுங்க, நேத்து. தாக்கல் சொல்லலாம்னு வந்தேன், கொஞ்சம் நீளமா வரும் பொறுத்துக்கோங்க.

பேச்ச தாராபுரத்து டீச்சர் சொன்ன மாதிரியே எழுதுனோம். ரயில், நல்லதங்காள், ராஜபார்ட், லச்ச ரூவா, மேலவை, 61 வயசுல விருதுன்னு. கிட்டப்பா பேரு ஒரு வரில வந்துச்சு, அவ்ளோதான். “எங்க பாட்டி ஊருக்கு அடுத்த ஸ்டேசன்ல பொறந்தவங்க”ன்னு அவளா ஒரு வரி சேத்துக்கிட்டா, அதுக்குத்தான் கைதட்டல் எச்சா வந்துச்சு. சுருதி மூணு கட்டைக்கு எறக்கிட்டோம். நடை மாறுற எடத்துல ஒரு தடவை தடுமாறுனா, தொடைல தட்டிட்டே பிடிச்சுட்டா. எட்டிப் பிடிக்கற எடம் முழுசா வரல, ஆனா வார்த்தை கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டுச்சுன்னு வாட்ச்மேன் அண்ணன் வந்து சொன்னாரு.

அமுச்சியவும் ஆட்டோ வெச்சு கூட்டிட்டுப் போயிருந்தோம். அங்க ஒண்ணுமே சொல்லல. வீட்டுக்கு வந்து சீலைய மாத்திட்டு ஆசாரத்துல உக்காந்தவங்க சின்னவள பக்கத்துல கூப்புட்டு, “அவிய பாட்டு பாடிட்ட, இப்ப நம்ம பாட்டு கேளு”ன்னு சொல்லிட்டு கைதட்டி ஒரு கும்மிப் பாட்டு எடுத்தாங்க பாருங்க. எனக்கு 41 வயசாவுது, அமுச்சி பாடி நான் ஒரு நாளும் கேட்டதில்ல. மாரியம்மன் நோம்பில மொளப்பாரி சுத்தி ஆடறப்ப பாடறதாம். குரல் நடுங்குது, ஆனா தாளம் துளி நவுரல. காங்கயத்தண்ணா உங்க மொத பதிவுதான் எனக்கு ஞாபகம் வந்துச்சு, ஒருத்தர் பேராவது தெரியுமான்னு கேட்டீங்களே. பாடுனவங்க வீட்டுக்குள்ளயே இருந்திருக்காங்க.

ரெண்டு அடி பாடிட்டு நிறுத்திட்டாங்க. மீதி பாடுங்க அமுச்சின்னு சின்னவ கெஞ்சறா. “மீதி எங்கக்கா பாடற எடம் கண்ணு, நான் கை தட்டத்தான் செய்வேன்”ன்னாங்க. அமுச்சியோட அந்த அக்கா போயி பதினெட்டு வருசம் ஆச்சுங்க.

போன்ல ரெக்கார்ட் பண்ணி வெச்சிருக்கறேன், ஒண்ணரை நிமிஷம் இருக்கும்.

பெட்டிக்காரர்மகன்:
அக்கா அத அழிச்சுராதீங்க, வேற எடத்துலயும் ஒரு காப்பி போட்டு வெச்சுக்கோங்க. எனக்கு அனுப்புனீங்கன்னா பெட்டில வெச்சு சுருதி கண்டுபிடிச்சு மெட்ட எழுதி வெக்கறேன்.

காங்கயம்காளை:
தங்கச்சி, அமுச்சி கும்மியடிச்சது எந்த ஊரு மாரியம்மன் கோயில்னு கேட்டு சொல்லு. ஊஞ்சலூரா, கொளாநல்லியா, பாசூரா? அந்த செட்டுல ஆடுன பெரியவங்க யாராச்சும் ஒருத்தர் ரெண்டு பேரு இன்னும் இருப்பாங்க, அந்தப் பக்கம் எனக்கு ஒறம்பரை நெறைய இருக்குது. ஞாயித்துக்கெழமை வண்டி எடுத்துட்டுப் போயி நானே விசாரிக்கறேன், அக்கா பாடற எடம் யார் வாயிலயாவது இருக்கும்.

ஊஞ்சலூர்க்காரி:
கேட்டேன் அண்ணா. கொளாநல்லின்னு சொன்னாங்க. அமுச்சியும் வர்றேங்கறாங்க.